மேனேஜர் மேல் விழுந்த பழி

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எங்கே வேலை, எத்தனை பேர், யார் யார் வந்து போவார்கள். இந்த மூன்றையும் அவள் சுலபமாகத் தாண்டிவிடுவாள். திரைச்சீலைக் கடையில் வேலை, ஒரே ஆள், யாரும் வரமாட்டார்கள். ஒருத்திக்கு யாருமே இல்லை என்பது வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு இனிப்பான செய்தி என்று தனியாக வீடு தேடிப் பார்த்தால்தான் தெரியும். காப்பி சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து அவளே வாயைத் திறந்து, ஒரு பூனையும் இருக்கிறது என்பாள். அத்தோடு சரி. காப்பி அடுப்பிலேயே நின்றுபோகும்.

பூனை வைத்தால் வீடு நாறும் என்பது அவர்களுக்குப் பிறக்கும்போதே தெரியும். பூனை வளர்த்துப் பார்த்து அறிந்ததல்ல. வளர்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி அவள் கேட்டதுமில்லை. அவளுடைய தொழிலே மற்றவர்கள் வீட்டுக்குள் போவதுதான். ஜன்னலை அளந்து, துணி காட்டி, தைத்து, கம்பி அடித்து, வளையம் கோத்துத் தொங்கவிட்டு வருவாள். பழைய திரையைக் கழற்றும்போது அதன் பின்னால் என்னென்ன இருந்தன என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் பாதி ஊர் அவளோடு பேசாது. செத்த பல்லி, சாப்பிட்ட கையைத் துடைத்த கறை, எந்தக் காலத்திலோ குழந்தை ஒளித்துவைத்த முட்டை. அந்த வீடுகளில் எதிலும் பூனை கிடையாது. எல்லாம் மனிதர்கள் மட்டுமே வசித்த கண்ணியமான வீடுகள்.

பூனையின் பெயர் மேனேஜர். ஒரு மழை நாளில் கடைக்குள் நனையாமல் நுழைந்து, வெட்டும் மேசைமீது ஏறி, துணிச் சுருள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, எதுவும் சரியில்லை என்பதுபோல் பில் போடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கடையின் மூத்த தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, மேனேஜர் வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா வேலை செய்யுங்க என்றார். கடைக்காரருக்குத் தமாஷ் பிடிக்கவில்லை. சாயங்காலம் துடைப்பத்தை எடுத்தார். அவள் மேனேஜரைத் துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் அவருக்கு மரியாதைப் பன்மைதான்.

அவள் கடைசியில் கண்டுபிடித்த வீட்டில் கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே அவள். உள்ளேயே படிக்கட்டு. வீட்டுக்காரர் ஒரு பெரியவர், மனைவியைப் பறிகொடுத்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடவே மகனும் மருமகளும். இருவரும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பூனை விஷயத்தைக் கேட்டதும் மருமகள் மூக்கைச் சுளித்தாள். மகன்தான், பார்க்கலாமே, சுத்தமா வச்சுக்கிட்டா சரி என்று சம்மதித்தான். அந்தச் "சுத்தமா வச்சுக்கிட்டா" என்ற வார்த்தையை அவள் அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அப்புறம் அவள் செய்த சுத்தத்தை ஆஸ்பத்திரியில்கூடச் செய்யமாட்டார்கள். காலையில் ஒரு தரம் தரை துடைப்பு, மாலையில் ஒரு தரம். மணல் தட்டைக் கழுவிக் கழுவி அதன் நீலம் வெளுத்துவிட்டது. மேனேஜருக்கே இது அதிகப்படியாகப் பட்டிருக்கும். அவர் தன் காரியத்தை முடித்து, மூடி, முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு முறை மூடிவிட்டு வருவார். விழித்திருக்கும் நேரத்தில் பாதியைத் தன்னை நக்கித் துடைப்பதிலேயே செலவழிப்பார். நாள் பூராவும் குளிக்கிற பிராணியைப் பார்த்து அழுக்கு என்று சொல்ல மனிதனுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ.

சாயங்காலம் வீடு திரும்பினால் அவள் கைப்பையைக்கூட வைக்காமல் பேச ஆரம்பித்துவிடுவாள். கடையில் அவள் பேசுவதெல்லாம் அகலம், நீளம், மடிப்பு எத்தனை. வாடிக்கையாளர் வீட்டில் பேசுவது, இந்தக் கலர் வெயிலில் வெளுக்காது. மனுஷப் பேச்சு முழுவதையும் மேனேஜருக்காகச் சேர்த்துவைத்திருப்பாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக் கேட்பார். நாற்பத்தைந்து வயதில் தன் பேச்சைக் கேட்பது ஒரு பூனை மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதில் அவளுக்குக் குறை இல்லை. கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும், அந்த ஆள் யார் என்பது அப்புறம்.

படிக்கட்டில் அந்த வாடை வர ஆரம்பித்தது மழைக்காலம் முடிந்த பிறகு. முதலில் லேசாக, ஈரத் துணியை மூடி வைத்த மாதிரி. அப்புறம் சந்தேகமே இல்லாமல் மூத்திர வாடை. மருமகள் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் படியடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள். பெரியவர் தன் அறை வாசலில் நின்றிருந்தார். மேல பூனை இருக்கில்ல, பூனைன்னாலே அப்படித்தான் என்று அவர்தான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் பதறிப்போனாள். மேனேஜரைப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். மணல் தட்டைப் பார்த்தாள். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் நம் மூக்கையே நாம் நம்பமாட்டோம். தான் கடைக்குப் போன பிறகு இவர் படியில் இறங்கிப் போகிறாரோ, எப்படிப் போவார், கதவு பூட்டியிருக்கிறதே என்று குழம்பினாள். குழம்பிக்கொண்டே வாளியும் ஃபினாயிலுமாகப் படியில் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை தேய்த்தாள். மறுநாளும் தேய்த்தாள். வீடே ஃபினாயிலில் மிதந்தது, அதற்கடியில் அந்த வாடையும் மிதந்தது.

தேய்த்ததுதான் தப்பாகிப் போயிற்று. இவ்வளவு ஃபினாயில் ஊற்றுகிறாள் என்றால் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்றாள் மருமகள். அவள் கெட்டவள் அல்ல. நாள் முழுவதும் கவுண்டரில் நின்று பிறருடைய கோபத்தை வாங்கிக்கொண்டு வருகிறவள், வீட்டில் நல்ல காற்று வேண்டும் என்று நினைப்பதில் என்ன குற்றம்? அவர்களுடைய லீவு நாட்களில் வாடை இன்னும் மோசமாக இருந்தது. பார்த்தீர்களா, ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போய்விட்டால் பூனையை யார் கவனிப்பது என்று அதற்கும் ஒரு கணக்குச் சொன்னார்கள்.

மாதக் கடைசியில் மகன் மேலே வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நல்லவிதமாகத்தான் பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ஒண்ணு பூனை, இல்லேன்னா வீடு. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

மேனேஜர் அப்போது ஜன்னலில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரியாது.

அவள் மறுபடியும் வீடு தேடினாள். கடை விட்டதும் தெருத் தெருவாக நடந்தாள். பூனையா என்ற அதே கேள்வி, அதே முகம். ஒரு புரோக்கர் மட்டும் வழி சொல்லிக் கொடுத்தார். பூனை இருக்குன்னு ஏம்மா சொல்றீங்க, குடி போன பிறகு பார்த்துக்கலாமே என்றார். அவளுக்கு அது முடியாது. மேனேஜரை ஒளித்துவைக்கவும் முடியாது. அவருக்கு ஜன்னலில் உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியில் ஒரு வாடிக்கையாளர் கை கொடுத்தார். ஊரின் அந்தக் கோடியில் தோட்டத்தோடு ஒரு வீடு, ஆளுயர ஜன்னல்கள். அந்த வீட்டு அம்மாள் அவளுடைய போனில் மேனேஜரின் படத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்குக் கொடுத்துடேன், இங்கே ஏகப்பட்ட எலி என்றார். நல்ல இடம். வெயில், மரம், மதில். அவள் ஒரு வாரம் யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை, தள்ளிப்போட்டாள், அவ்வளவுதான். பிறகு தன் வார லீவு நாளில் அவரை அதே துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, ஆய்வுக்குப் போகிற அதிகாரி மாதிரி வேடிக்கை பார்த்து வந்தார். அந்த வீட்டில் இறக்கிவிட்டதும் சோபாவுக்கு அடியில் போனார். அவள் குனிந்து ஒரு முறை பார்த்தாள். வருகிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீடு திரும்பிக் கதவைத் திறந்தவள், இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தே விட்டாள். பாதியில் நிறுத்தினாள். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பூனைக்காக ஒரு பெண்பிள்ளை இப்படியா அழுவது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சிலருக்கு அழ ஆட்கள் இருக்கிறார்கள், அவளுக்குப் பூனைதான் இருந்தது.

நாலைந்து நாளில் அந்த அம்மாள் போன் செய்தார். கூரியர்க்காரனுக்குக் கதவைத் திறந்தபோது பூனை வெளியே பாய்ந்துவிட்டதாம். பூனைதானே, பசித்தால் தானே வந்துவிடும் என்று ஆறுதலும் சொன்னார். அவள் கடையில் சொல்லிவிட்டு ஓடினாள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் காருக்கு அடியிலும் மதிலுக்குப் பின்னாலும் குனிந்து குனிந்து, மேனேஜர், மேனேஜர் என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து டை கட்டிய மனிதர் ஒருவர் வந்து, எந்த மேனேஜர் வேணும் உங்களுக்கு என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். வேறு நாளாயிருந்தால் இதை மேனேஜரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அடுத்தடுத்த நாட்களிலும் போனாள். சாம்பல் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒரு குடும்பமே வந்து எட்டிப் பார்த்தது. மஞ்சள் உடம்பும் ஒரு வெள்ளைக் காலுமாக எதுவும் வரவில்லை.

வீட்டிலோ, வாடை போகவில்லை. போகாது என்று நமக்குத் தெரிகிறது. கீழே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. சுவரில் ஊறிப்போயிருக்கு, கொஞ்ச நாளாகும் என்றாள் மருமகள். பூனை போன பின்னும் பழி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு மகன் பெயிண்டரை வரச்சொன்னான். படிக்கட்டுச் சுவர் முழுவதும் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பது, படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் சாமான்களை எல்லாம் காலி செய்வது என்று முடிவாயிற்று.

அவளுக்கு வார லீவு வேலைநாளில்தான் வரும். பெயிண்டர் வருவதற்கு முன் அப்படி ஒரு லீவு நாளில், காலை மகனும் மருமகளும் போன பிறகு படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, பிறகு மூச்சு, பிறகு ஒரு படி. பெரியவர் அதுவரை ஒரு நாளும் மேலே வந்ததில்லை. அவர் வாசலுக்கு வருவதற்கு முன்னால் அந்த வாடை வந்துவிட்டது. படிக்கட்டில் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு மனப்பாடம் ஆகிப்போன வாடை. அவர் கைகூப்பி நின்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வேண்டாம்மா. நாற்காலி வீணாப் போயிடும்."

அவர் நின்றபடியே, யாரையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துப் பேசினார். கிரேனில் ஏறினால் ஷிஃப்ட் முடிகிறவரை இறங்கமாட்டாராம். கீழே லாரிகள் வரிசையாக நிற்கும், இறங்கி ஏறினால் வேலை நின்றுபோகும். எத்தனையோ வருஷம் அப்படி அடக்கி ஓட்டிய உடம்பு, இன்றைக்கு எழுந்து கழிவறைக்குப் போவதற்குள் தோற்றுப்போகிறது. நனைந்த துணியை மூடி போட்ட வாளிக்குள் வைத்துப் படிக்கட்டுக்கு அடியில், பழைய டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். அவர்கள் வேலைக்குப் போனதும் எடுத்துத் துவைப்பார். லீவு நாளில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அப்போது துவைக்க வழியில்லை.

அவள் கேட்டாள், இதற்கு வைத்தியம் இருக்கிறதே, டாக்டரிடம் போகலாமே என்று. டாக்டரிடம் கூட்டிப்போக மகன் வரவேண்டும், மகனிடம் சொல்லவேண்டும், அதுதான் முடியவில்லை என்றார். அவருடைய அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். ஒரு வருஷத்துக்குள் பிள்ளைகள் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார்கள்.

"போய்ப் பார்த்தேம்மா. சுத்தமாத்தான் இருந்துச்சு. ரொம்பச் சுத்தம். அவன்கூடப் பேசத்தான் ஆளில்ல." ஜன்னலை விட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "பெயிண்டர் வரப்போறான். வாளியை எடுத்துடுவேன், ஆனா வாடையை எங்க கொண்டு போவேன்? பூனையைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடும்மா. நான் மகன்கிட்ட பேசிக்கறேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த ஒரு வாய் வார்த்தைக்காக எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை வாசல்படி, எத்தனை தெரு.

"அது ஓடிப்போச்சு ஐயா. எங்கயோ தெருவுல கிடக்குது. நீங்கதான் விரட்டினீங்க."

அவருக்கு இது தெரியாது. நல்ல வீட்டில் இருக்கிறது என்றே நினைத்திருந்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விடவில்லை. என் பூனை அப்படிப்பட்டதில்லை என்று இன்றைக்கே கீழே வந்து சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லும்மா, உனக்கு அந்த உரிமை இருக்கு என்றார். பிறகு இறங்கிப் போனார். ஒரு படி, ஒரு மூச்சு. கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்தில் போகவில்லை.

பகல் முழுவதும் அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை குறையாமல், ஆனால் முகத்துக்கு நேராக. பெரியவரைக் குற்றம் சொல்லவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் மேனேஜர் மேல் போட்ட பழியை எடுங்கள். இத்தனை நாளில் அவளுக்கு நியாயம் கிடைக்கப்போகும் ஒரே நாள். ஓடிப்போனவர் திரும்பப் போவதில்லை, பேராவது திரும்பட்டும். சாயங்காலம் கீழே விளக்குப் போட்ட பிறகு இறங்கினாள்.

மகன்தான் கதவைத் திறந்தான். மருமகள் மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் மூலையில் இருந்தார். சலவைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக இருக்கிறவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அதில் என்ன எடுத்து வைத்திருந்தாரோ.

அவள் வாயைத் திறப்பதற்குள் மகனே பேச்சை எடுத்தான். "நானே மேல வரலாம்னு இருந்தேன் அக்கா. வாடை குறையவே இல்லையே. நிஜமாவே பூனையை அனுப்பிட்டீங்களா, இல்ல உள்ள வச்சிருக்கீங்களா?"

பகல் முழுவதும் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அண்ணனின் சுத்தமான அறை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. யாரிடமும் பேசாமல் ஒரு நாள் எப்படி ஓடும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வாரங்களாக அவள் ஓட்டிக்கொண்டிருந்தது அந்த நாளைத்தான்.

"அனுப்பிட்டேன் தம்பி. திரும்பி வந்துடுச்சு," என்றாள். "உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டு உள்ளயே வச்சிருக்கேன்."

மருமகள் தட்டை ஓசை வர வைத்தாள். நான் அப்பவே சொல்லலையா, என் மூக்கு பொய் சொல்லாதுன்னு என்று கணவனைப் பார்த்தாள். மகன் முகம் இறுகிற்று. வீட்டைக் காலி செய்யத் தேதி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

"இருக்கட்டும்."

"என்னப்பா?"

"பூனை இருக்கட்டும்னு சொன்னேன். வீடு என் பேர்லதானே இருக்கு. எனக்கு அந்த வாடை பழகிடுச்சு. பெயிண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நீங்கதானே முதலில் பூனை வாடை என்று சொன்னீர்கள் என்று மகன் கேட்டான். பெரியவர் காலடியில் இருந்த பையைக் காலாலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அவள் மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

இப்படியாக இல்லாத பூனை ஒன்று அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. அவள் மறுபடியும் மணல் வாங்கினாள். கீழே இருப்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பெரியவர் தன் பங்குக்குச் சாப்பாட்டு நேரத்தில் பூனைக் கதை சொன்னார். இன்றைக்கு என் அறைக்கு வந்தது, கட்டிலில் ஏறிப் படுத்தது, துரத்தினேன், போகவில்லை. ஒருநாள் படியேறும்போது அவர் சொல்வது அவள் காதில் விழுந்தது. நல்ல கறுப்பு, கண்ணு மட்டும் பச்சை என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். அவர் மேனேஜரை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மஞ்சள், ஒரு கால் வெள்ளை என்று உள்ளே போய்த் திருத்திவிட்டு வரவேண்டும்போல் இருந்தது. மேலே போய்விட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக மகனுக்கும் பழகிவிட்டது. மருமகளுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. வேலையிலிருந்து வந்ததும் படியடியில் நின்று, அக்கா, உங்க பூனை என்று ஆரம்பிப்பாள். ஒருநாள் வாடை ரொம்ப அதிகம். லீவு நாள் முடிந்த மறுநாள், அன்று காலை பெரியவருக்குக் காய்ச்சல், வாளியைத் தொடவில்லை. மருமகள் படியடியில் நின்று உள்ளே பார்த்து, மேலே பார்த்து, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள். இங்கிருந்துதானோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு டப்பாவை நகர்த்தினாள். மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

அவள் சட்டென்று அறைக்குள் திரும்பி, கையில் கிடைத்த அளவுகோலால் கதவில் ஓங்கித் தட்டினாள்.

"மேனேஜர்! மறுபடியும் படியில போய் வச்சுட்டீங்களா? எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு? வீட்டையே நாறடிக்கிறதுதான் உங்க பொழப்பா? வெக்கமா இல்ல? அழுக்குப் பிடிச்ச பூனை, அழுக்குப் பிடிச்ச பூனை!"

கீழே டப்பா அப்படியே நின்றது. மருமகள் நிமிர்ந்து, நல்லாத் திட்டுங்க அக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியவரின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். மேனேஜரைக் கூடப் பிறந்தவரைப் போல் வளர்த்தவள், ஒருநாள்கூட அவரைக் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரெல்லாம் சொன்னபோது அவள் மட்டும்தான் இல்லை என்று சொன்னவள். இப்போது அவளும் சொல்லிவிட்டாள், மற்றவர்களைவிடச் சத்தமாக. அந்த வெறும் அறையைப் பார்த்து, குரல் கீழே கேட்காதபடி, மன்னிச்சுக்கோங்க என்றாள்.